பட்டியலில் நாலாவது ஆள்

1

படகுக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படிவத்தில் ‘மொத்தம் எத்தனை பேர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஓர் எண்ணைப் போட எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. போகிறவர்கள் மூன்று பேர்: நான், மகள் நிவேதா, மகன் முகிலன். கடைசியில் நான் போட்டது நான்கு. இந்தக் கிறுக்குத்தனத்தை எழுதித் தொலைத்துவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று ஊரில் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிடும். இங்கே ஒருத்தருக்கும் விளக்க முடியவில்லை.

நான் காரைக்குடிப் பக்கம் நேமத்தான்பட்டிக்காரன். மலேசியாவின் வடக்கு ஓரத்தில், கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் குளிர்சாதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. “வெயில்ல பொறந்துட்டு ஆயுசு பூராக் குளிரைக் காவல் காக்குறீக” என்று என் மனைவி சொர்ணவல்லி கேலி செய்வாள். அவள் காளையார்கோவில் பெண். அந்த ஊர் அம்மன் பெயரையே வைத்திருந்தார்கள். போன வருடம் வயிற்றில் வந்த புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். தலைத்திவசம் முடிந்து இருபதாம் நாள் நாங்கள் இந்தப் படகுப் பயணம் போனோம்.

2

எங்கள் வீட்டிலிருந்து கோலக் கெடா படகுத்துறை கிட்டத்தான். அங்கே பெரிய ஃபெர்ரியில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் லங்காவி. லங்காவியில் சின்னப் படகு ஒன்று பிடித்தால் மூன்று இடம் காட்டிக் கூட்டி வந்துவிடுவார்கள். நடுவில் நன்னீர் ஏரி கிடக்கிற ஒரு தீவு, கழுகுகள் வட்டமடிக்கிற ஒரு நீர்ப்பரப்பு, குளிக்க மணற்கரை உள்ள இன்னொரு தீவு. முதல் ஃபெர்ரியில் போனால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம். எங்கெங்கிருந்தோ ஆட்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற இடம் அது. பக்கத்திலேயே இருந்துகொண்டு நாங்கள் ஒரு நாளும் போகவில்லை.

சொர்ணம்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. “நம்மூருல கடலுக்கு எதுக்குப் போவோம்? அஸ்தி கரைக்கப் போவோம், திதி குடுக்கப் போவோம். நான் மூணு தடவ தேவிபட்டினம் போயிருக்கேன். மூணு தடவையும் அழுதுக்கிட்டே போயி அழுதுக்கிட்டே வந்தேன். ஒரு தடவையாச்சும் காரியம் இல்லாமக் கடலுக்குப் போகணும். கூட்டிட்டுப் போறீகளா, இல்லையா?”

போகலாம், போகலாம் என்பேன். ஒரு வருடம் நிவேதாவின் பரீட்சை. ஒரு வருடம் முகிலனுக்கு அம்மை. ஒரு வருடம், போக நினைத்திருந்த அதே தேதியில் நிரந்தரவாச அட்டைக்கு நேர்காணல் என்று கடிதம் வந்தது. அந்த அட்டைக்காக நாங்கள் பதினான்கு வருடம் வரிசையில் நின்றவர்கள். தீவு எங்கே ஓடிப்போகிறது என்று நேர்காணலுக்கே போனோம். இன்னொரு வருடம் ஃபெர்ரி டிக்கெட்டே எடுத்தாயிற்று. காலையில் கிளம்புகிற நேரத்துக்குத் தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் படுத்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அடுப்படியில் பாயை விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கட்டின புளிச்சோற்றைப் பிரித்துப் போட்டிருக்கிறாள். எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தாள். திட்டக்கூட இல்லை. திட்டியிருக்கலாம்.

அவள் போன பிறகு மளிகை அலமாரியின் கதவுக்கு உள்பக்கம் ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருப்பதைக் கண்டேன். பின்பக்கத்தில் அவள் கையெழுத்து. ‘முதல் ஃபெர்ரி. சனி ஞாயிறு வேண்டாம், கூட்டம். மழை மாதம் வேண்டாம். பலரோடு போகிற படகே போதும். ஏரித் தீவில் குரங்கு ஜாஸ்தி, சோத்துப் பையை வெளியே தெரிய வைக்கக் கூடாது. தம்பிக்கு வாந்தி மாத்திரை. நாலு தொப்பி, நாலு துண்டு.’ எத்தனை வருடமாக ஒட்டியிருந்ததோ தெரியாது. அந்த அலமாரியை நான் திறந்து பார்த்ததே இல்லை.

3

தாளைக் கழற்றி நிவேதாவிடம் காட்டினேன். அவள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள், திவசத்துக்கு வந்திருந்தாள். அடுத்த மாதம் அயர்லாந்துக்குப் போகிறாள். முகிலனும் அதே மாதம் தெற்கே ஜொகூரில் படிக்கப் போகிறான். அதற்கப்புறம் இந்த வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியும்தான்.

“போயிட்டு வந்துடலாம்பா. அம்மா எழுதி வச்ச மாதிரியே” என்றாள். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, “தம்பிய ஒரு நாள் படகுல உக்கார வச்சிட்டா அவன் எங்கயும் ஓட முடியாதுல்ல? நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் ஆகணும்” என்றாள்.

முகிலன் என்னோடு பேசி ஒரு வருடம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. கேட்டால் பதில் சொல்வான். ‘சாப்பிட்டியா?’ ‘ம்.’ ‘பஸ் எத்தனை மணிக்கு?’ ‘ஏழு.’ அக்காளோடு மலாயில் மணிக்கணக்காகச் சிரித்துப் பேசுகிறவன் நான் உள்ளே வந்தால் போனை எடுத்துக்கொள்வான். சின்னப் பிள்ளையில் என் சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டே நடப்பான். இப்போது காரில்கூடப் பின்னால்தான் உட்காருகிறான். பிள்ளைகள் இங்கே வளர்ந்தால் விலகத்தான் செய்யும் என்று இங்குள்ள நம்மவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொள்வேன். அவன் விலகினதற்கு ஊரும் காரணமில்லை, பாஷையும் காரணமில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

அதைச் சொல்லிவிடுகிறேன். அவள் போன அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்றைக்குத் தாண்டாது, பிள்ளைகளை வரச்சொல்லுங்கள் என்றார். நிவேதாவுக்குப் போன் போட்டேன், அவள் அங்கே பஸ் ஏறினாள். முகிலனைக் கூட்டிவர நானே வீட்டுக்குப் போனேன். அவன் பள்ளிச் சீருடை போட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு அவனுக்கு இறுதித் தேர்வில் வேதியியல் தாள். “அம்மா எப்புடி இருக்காங்க?” என்றான். “மயக்கத்துல இருக்கா. நீ எழுதிட்டு வா, சாயந்திரம் பாக்கலாம்” என்றேன். நானே காரில் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். நான் பரீட்சை எழுதி, படிவம் நிரப்பி, முத்திரை வாங்கி மேலே வந்தவன். ஒரு தாள் போனால் ஒரு வருடம் போகும் என்பதுதான் எனக்கு முதலில் புத்தியில் பட்டது. திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனால் சொர்ணம் முழித்திருந்தாள். நல்ல நினைவு. “தம்பி எங்கங்க?” என்றாள். வந்துக்கிட்டிருக்கான் என்று சொல்லிவிட்டேன். அவள் வாசலைப் பார்க்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கேட்டாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நானும் அதையே சொன்னேன். பத்தரை மணிக்குப் போனாள்.

நிவேதா வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரிடமும், ஊரிலும், அம்மாவுக்குக் கடைசிவரை நினைவே திரும்பவில்லை என்று சொன்னேன். அந்தப் பொய்யைத்தான் ஒரு வருடமாகத் தின்று கொண்டிருக்கிறேன். முகிலன் அதை நம்பவில்லை என்று அவன் முகம் சொல்லும். என்னிடம் அவன் கேட்கவும் இல்லை, நான் வாயைத் திறக்கவும் இல்லை. அவன் ஜொகூருக்குப் போவதற்குள் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அப்புறம் போனில்தான் சொல்ல வேண்டிவரும். இதைப் போனில் சொல்ல எந்தத் தகப்பனால் முடியும்?

4

புதன்கிழமை என்று முடிவானது. நிவேதா போனில் ‘தீவு’ என்று ஒரு குழு தொடங்கி, எத்தனை மணிக்கு எங்கே என்று கட்டம் போட்டு அனுப்பினாள். அம்மாவின் காலண்டர் தாளுக்கும் அவள் கட்டத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, குரங்கு உட்பட. முகிலன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கட்டைவிரல் படம் ஒன்று போட்டான். படகுக்காரருடைய படிவத்தை நிரப்பும் வேலை எனக்கு விழுந்தது. வீட்டில் எந்தப் படிவமும் நான்தான்.

அந்த நேரம் பார்த்துக் காரைக்குடி செக்காலையிலிருந்து என் தங்கை காளீஸ்வரி கூப்பிட்டாள். திவசம் எப்படி நடந்தது என்று கேட்டவளிடம் இந்தப் பயணத்தையும் சொன்னேன்.

“நல்லதுண்ணே, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. எத்தன பேரு போறீக?”

“மூணு பேருதான்.”

“மூணு பேராவா? மூணு பேராக் கெளம்பாதீகண்ணே. அதுவும் தண்ணியில. ஒரு கல்லையாச்சும் எடுத்துப் பையில போட்டுக்கங்க.”

“இங்க வந்தும் அதெல்லாம் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா காளி?”

“நீங்க பாக்காட்டிப் போங்க, எனக்காகப் போட்டுக்கங்க. அண்ணி இருந்தா நான் இதச் சொல்ல வேண்டியதே இல்ல.”

“உங்க அண்ணி இருந்தா நாங்க நாலு பேருடி” என்றேன். அவள் அழத் தொடங்கினாள். நான் போனை வைத்துவிட்டேன்.

மூன்று பேராகக் கிளம்பினால் காரியம் உருப்படாது, கல்லை நாலாவது ஆளாக எடுத்துக்கொள் என்பது நம் பக்கத்தில் பொண்ணு பார்க்கப் போவதிலிருந்து பத்திரம் பதியப் போவதுவரைக்கும் உள்ள வழக்கம்தான். நானே எத்தனையோ கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரைக்குடி பஸ் ஏறியிருக்கிறேன். இருபத்தாறு வருடத்தில் அதெல்லாம் மறந்துபோயிற்று என்று நினைத்திருந்தேன். ஆனால் அவள் சொன்ன பிறகு ‘மூன்று’ என்று போட விரல் வரவில்லை. இத்தனை வருடம் கூட இருந்தவளின் இடத்தில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகவும் மனசு வரவில்லை.

பெயர், அடையாள அட்டை எண், வயது. எங்கள் நாலு பேர் எண்ணும் எனக்கு மனப்பாடம். எந்த அலுவலகத்திலும் பார்க்காமல் எழுதுவேன். என்னுடையதை எழுதினேன். இரண்டாவது அவளுடையதை எழுதினேன். வயதுக்குப் போன வருடத்து வயதையே போட்டேன். பிள்ளைகளுடையதை எழுதி அனுப்பிவிட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

5

பார்த்தார்கள். லங்காவியில் சின்னப் படகு ஏறுகிற துறையில் மேசை போட்டு, முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, ஆளைப் பார்த்து, உயிர்காப்புச் சட்டை கொடுத்தாள். என் பெயருக்கு நான் கையைத் தூக்கினேன். அடுத்து, “சொ… நா… வல்லி” என்றாள். நிவேதா என் பக்கம் திரும்பினாள். முகிலனும் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டு, இவர் எங்கே என்று கேட்டாள். “மாத்தி” என்றேன், மலாயில் செத்துப்போச்சு என்கிற மாதிரி. அது ஆடுமாடு செத்தாலும் மோட்டார் நின்றாலும் சொல்கிற சொல். மனுஷருக்குச் சொல்வது வேறு. இத்தனை வருடம் மலாய் பேசி, என் பெண்டாட்டிக்கு அந்தச் சொல்தான் வாயில் வந்தது. மேசைப் பெண்ணின் முகம் மாறிப்போனது. முகிலன் முன்னால் வந்து, “மெனிங்கால்” என்று திருத்தினான். எங்கள் அம்மா, போன வருடம் தவறிவிட்டார் என்று மெதுவாக எடுத்துச் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“அம்மா பேர நீங்களா போட்டீங்க?”

“ஆமா.”

“ஏன்?”

“மூணு பேராக் கெளம்பக் கூடாதுன்னு உங்க அத்தை சொன்னா. அதான்…”

ஒரு வருடத்தில் அவன் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அப்போதுதான்.

அந்தப் பெண் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் பட்டியலில் இருப்பதும் படகில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும் என்றாள். நாலு பேர் போனதாக எழுதி மூன்று பேர் திரும்பினால் அந்த நாலாவது ஆளைக் கடலில் தேடப் படகு அனுப்ப வேண்டியிருக்கும், அதனால் பெயரை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று பேனாவை நீட்டினாள்.

இந்த ஒரு வருடத்தில் நான் சொர்ணத்தின் பெயரை எத்தனையோ இடத்தில் நீக்கியாயிற்று. ஆஸ்பத்திரியில், பதிவு அலுவலகத்தில், வங்கியில், காப்பீட்டில், போன் கம்பெனியில். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று நானே என்னை நினைத்துக்கொண்டேன். இந்தத் துக்கடாத் தாளில் பேனா இறங்கமாட்டேன் என்கிறது. பின்னால் வெள்ளைக்காரர்கள் தொப்பியும் துண்டுமாக வரிசையில் நிற்கிறார்கள். கடற்காற்று தாளைத் தூக்கியது. முகிலன் ஓரத்தை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, “இங்கப்பா” என்றான். அடித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

6

நிவேதாவின் திட்டத்தில் எஞ்சின் சத்தத்துக்குக் கணக்கு இல்லை. படகில் பன்னிரண்டு பேர். முகிலன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான், வேறு இடமில்லாமல். அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. ஏரித் தீவில் குரங்குகள் ஒரு சீனப் பெண்ணின் பையைப் பறித்துக்கொண்டு ஓடின. எங்கள் சோற்றை நிவேதா துண்டுக்குள் சுற்றி மறைத்திருந்தாள். கழுகுகள் தண்ணீரைத் தொட்டு மீனைத் தூக்கிக்கொண்டு போயின. எல்லோரும் படம் எடுத்தார்கள். இதைப் பார்க்கத்தான் அவள் அத்தனை வருடம் கேட்டாளா, இவ்வளவுதானா, இதை நான் என்றைக்கோ காட்டியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு நான் போனைப் பையிலேயே வைத்திருந்தேன்.

கடைசித் தீவில் ஒரு மணி நேரம் விட்டார்கள். நிவேதா வேண்டுமென்றே தண்ணீருக்குள் இறங்கித் தூரமாகப் போய்விட்டாள். நானும் அவனும் மணலில் புளிச்சோற்று டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேரும் அதைத் திறக்கவில்லை. நான் எப்படித் தொடங்குவது என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தேன். அவனே கேட்டுவிட்டான்.

“அன்னிக்கு அம்மாவுக்கு நெனவு இருந்துச்சா?”

“இருந்துச்சுப்பா.”

அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். “என்னைக் கேட்டாங்களா?”

“கேட்டா. கேட்டுக்கிட்டே இருந்தா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன்.”

“நம்பிட்டாங்களா?”

“நம்பித்தான் வாசலையே பாத்துக்கிட்டிருந்தா” என்றேன். என்னை மன்னிச்சிருடா என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவன் எழுந்து போய்த் தண்ணீரில் முழங்கால் ஆழத்தில் நின்றான். முதுகு குலுங்குவது கரையிலிருந்தே தெரிந்தது. போய்த் தொடலாமா, கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்து, முன்பு இருந்ததைவிட ஒரு கை தள்ளியே உட்கார்ந்தான்.

“அந்த கெமிஸ்ட்ரி பேப்பர்ல நான் ஒண்ணுமே எழுதலப்பா” என்றான். “பேரும் நம்பரும் எழுதிட்டு உக்காந்திருந்தேன். மணி அடிக்கிற வரைக்கும்.”

அந்த ஒரு பாடத்தில் மட்டும் அவன் தேறவில்லை. அம்மா போன துக்கத்தில் எழுதினான், பாவம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அந்தப் பரீட்சை முடிந்து வெளியே வந்த பிறகுதான் அம்மா போனது அவனுக்குத் தெரியும் என்பது, படித்தவனான எனக்கு, ஒரு வருடமாக உறைக்கவில்லை.

“ஏம்ப்பா எழுதல?”

“கார்ல நீங்க ஒரு வார்த்தை பேசல. எப்பவும் பேப்பருக்கு முன்னாடி கேள்வி கேட்டு உயிர எடுப்பீங்க. அன்னிக்கு ஒண்ணும் கேக்கல. எனக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு.”

“தெரிஞ்சும் ஏன்டா எறங்கிப் போனே?”

அவன் என்னைப் பார்த்தான். கோபமே இல்லை.

“நீங்க போகச் சொன்னீங்கல்லப்பா.”